கறி வெட்டும் கட்டைக்கு உப்புப் போட்ட அண்ணனுக்கும், எங்களைத் தாங்கிய எல்லோருக்கும்

அப்பாவை வழியனுப்பிவிட்டு இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். திரும்பச் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. ஆனால் நன்றி சொல்லாமல் அப்பாவின் கறி, மளிகைக் கடையைத் திறக்க மனசு வரவில்லை.

ரத்தம் கொடுத்தவர்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களோடு ராத்திரி முழுக்க விழித்திருந்தவர்கள், வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்து வைத்தவர்கள், "சரக்குப் பணம் மெதுவா பாத்துக்கலாம்மா" என்ற மொத்த வியாபாரிகள், கேட்காமலே பற்றுக் கணக்கை முடித்துவிட்டுப் போன வாடிக்கையாளர்கள், உங்கள் எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். கரண்ட் போன அன்று பதறி ஃப்ரீசரைத் திறக்கப் போன எங்களைத் தடுத்த தம்பிக்கும் நன்றி. மூடியே வைத்திருந்தால் நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம் வரை குளிர் தாங்கும், பாதி காலியாக இருந்தால் 24 மணி நேரம்தான் என்று அவன் சொன்னதால்தான் அன்று சரக்கு தப்பியது.

அடுத்த தெருவில் கறிக்கடை வைத்திருக்கும் அண்ணனைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். அவரும் அப்பாவும் போட்டிக் கடைக்காரர்கள். எதிரில் பார்த்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் வாசலில் வந்து நின்றார். "கடைச் சாவியைக் குடும்மா. கட்டையை ஈரத்தோட அப்படியே விட்டா உளுத்துப் போயிடும்" என்றார். நான் இருந்த நிலையில் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன்.

அவர் என்ன செய்தார் என்று எதிர்க்கடை டெய்லர் சொல்லித்தான் தெரியும். தன் கடையை அடைத்த பிறகு, சாயங்காலம் வருவாராம். கம்பி பிரஷ்ஷால் கட்டையைச் சுரண்டி, பிசிறெல்லாம் தள்ளி, மரத்தின் நிறம் தெரிகிற வரை தேய்த்து, மேலே கல் உப்பைத் தடிமனாகப் பரப்பிவிடுவாராம். மரத்துக்குள் நிற்கிற ஈரத்தை உப்பு இழுத்துவிடும், நாற்றமும் பிடிக்காது. மறுநாள் அதைக் கூட்டித் தள்ளிவிட்டு, புது உப்பு. கத்திகளைத் துடைத்து, துரு ஏறாமல் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைத்திருந்தார். கொக்கிகளையும் விடவில்லை.

இதற்கு நடுவில்தான் ஆஸ்பத்திரியில் அப்பா உள்ளங்கையால் கட்டில் கம்பியைத் தேய்த்துத் தேய்த்துக் காட்டினார். பேச முடியவில்லை. கை அரிக்கிறதோ என்று அம்மா தடவிக்கொடுத்தாள். எனக்குச் சட்டென்று புரிந்தது. "கட்டை காஞ்சிருக்குப்பா, உப்புப் போட்டாச்சு" என்றேன். யார் என்பதுபோல் பார்த்தார். அண்ணன் பேரைச் சொன்னேன். என் விரலைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார். எங்களைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ கவலைப்படுவார் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த மனுஷனின் மனசு எங்கே கிடக்கிறது என்று, அதே வேலையில் கையைத் தேய்த்துக்கொண்ட இன்னொருவருக்குத்தான் தெரிந்தது.

அப்பாவின் தொழில் அப்படி. ஒரே கடை, இடது பக்கம் கறி, வலது பக்கம் மளிகை. கறி வெட்டிய கையோடு பருப்பு மூட்டையைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. சோப்புப் போட்டுக் கழுவி, ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் இந்தப் பக்கம் வருவார், எத்தனை பேர் காத்திருந்தாலும். எந்த வீட்டில் பல் போன பெரியவர் இருக்கிறார் என்று தெரிந்து இளசாகப் பார்த்து வெட்டுவார். முன்னங்கால் கறி வாங்கினால், "இது நடந்து நடந்து உழைச்ச சதை, அவசரப்படாம சின்னத் தீயில வேகவைங்க, நல்லா இளகிடும்" என்று சொல்லித்தான் கட்டிக்கொடுப்பார். விலை கூடின கறியை யார் தலையிலும் கட்டமாட்டார்.

மளிகைப் பக்கம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பழக்கம். கறிப் பக்கத்தையும் நானே எடுத்து நடத்துவது என்று முடிவு செய்திருக்கிறேன். பெண்பிள்ளைக்கு எதற்கு என்று சிலர் அக்கறையோடு கேட்டீர்கள். அந்தக் கட்டையில் இன்னொருவர் கத்தி வைப்பதை நான் தாங்கமாட்டேன், அதுதான் பதில். கையைக் கழுவுவதிலும் எடையிலும் அப்பா வைத்த ஒழுங்கு ஒரு நாளும் குறையாது. இது என் வாக்கு.

அண்ணே, எலும்பு மூட்டு பார்த்துப் பிரிப்பதைச் சொல்லித்தருகிறேன் என்றீர்களே, திங்கட்கிழமை வந்துவிடுகிறேன். கட்டையின் நடுவில் குழி விழுந்திருக்கிறது, இழைக்க வேண்டும் என்றும் சொன்னீர்கள். நீங்கள் சொல்கிற ஆசாரியையே வைத்துக்கொள்ளலாம்.

சோறு கொண்டுவந்தவர்களின் பாத்திரங்கள் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன, பல தூக்குகளில் பேர் இல்லை. தயவுசெய்து வந்து அடையாளம் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவும் உங்களையெல்லாம் பார்க்க வேண்டும் என்கிறாள்.