இனிமையை நம்பாத குரல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் துணுக்குப் பக்கத்தில், ரோலிங் ஸ்டோன்ஸ் என்கிற ஆங்கில ராக் இசைக்குழுவின் பாடகர், 80 வயதைத் தாண்டிய மிக் ஜாக்கர் இன்னமும் மேடையில் ஓடியாடுவதைப் பற்றி நாலு வரி போட்டிருந்தீர்கள். பேரன் பேத்தியைக் கொஞ்ச வேண்டிய வயதில் இதெல்லாம் எதற்கு என்கிற தொனி. 45 வருஷமாக அவரைக் கேட்டு வருகிறவனுக்கு அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் மலேயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன தலைமுறை உண்டு. 1979-ல் சித்தப்பா பினாங்கிலிருந்து வந்தபோது ஒரு டேப் ரெக்கார்டரும் நாலைந்து கேசட்டும் கொண்டுவந்தார். அதில் ஒன்று ரோலிங் ஸ்டோன்ஸ். மத்தியானம் முற்றத்தை ஒட்டிய பட்டாலையில் வைத்துப் போட்டேன், வளவு முழுக்க எதிரொலித்தது. இரண்டாங்கட்டில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்த ஆத்தா எட்டிப் பார்த்து, “யாருடா அது, சண்டை பிடிக்கிறான்?” என்றார்கள்.

ஆத்தா கேட்டது சரிதான். ஜாக்கருக்கு இனிய குரல் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லைக் கடித்துத் துப்புவார், ஓர் எழுத்தை இழுத்துப் பிடித்துச் சட்டென்று விடுவார். பாட்டு அங்கேதான் இருக்கிறது. இனிமையை நம்பிப் பாடுகிறவருக்கு வயதானால் முதலில் அதுதான் போகும். இவர் அதை நம்பியதே இல்லை. எங்கள் பக்கம் ஒப்பாரி பாடும் ஆயாக்களைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். 70 வயதில்தான் அந்தக் குரலுக்கே ஒரு பாரம் வரும்.

2003 ஏப்ரல் 4 அன்று ரோலிங் ஸ்டோன்ஸ் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் பாடினார்கள். காரைக்குடியிலிருந்து திருச்சி போய், அங்கிருந்து ராத்திரி வண்டி பிடித்துப் போனேன். ஜாக்கருக்கு அப்போது 59 வயது. பின்னால் சார்லி வாட்ஸ் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் டிரம்ஸ் வாசிக்க, இவர் மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டே இருந்தார். ஓடியபடியே வார்த்தை பிசகாமல் பாடினார். இந்த மனிதரின் தகப்பனார் உடற்பயிற்சி ஆசிரியர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

2019-ல் அவருக்கு இதய வால்வு மாற்றினார்கள். வயது 75. மூன்று மாதத்துக்குள் சிகாகோ மேடையில் நின்றார். 2021-ல் சார்லி வாட்ஸ் காலமானார். அன்றைக்கு நான் கடை திறக்கவில்லை. அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன். ஆனால் 2024-ல் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை வரை வட அமெரிக்காவில் ஊர் ஊராகப் பாடினார்கள். அது முடிந்த சில நாளில் ஜாக்கருக்கு 81 பிறந்தது.

அவர் செய்த எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்றில்லை. 80-களில் தனியாகப் போட்ட ஆல்பங்கள் மனசில் ஒட்டவில்லை. தனியாகப் பாடும்போது அவருக்குத் துணையாகக் குழுவின் கிடார்காரர் கீத் ரிச்சர்ட்ஸின் கிடார் இல்லை, அதுதான் காரணம் என்பேன்.

1961-ல் இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில் ஜாக்கர் கக்கத்தில் இடுக்கியிருந்த இசைத்தட்டுகளைப் பார்த்துத்தான் ரிச்சர்ட்ஸ் பேச்சுக் கொடுத்தார். அவற்றில் அமெரிக்க ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் தட்டும் ஒன்று. வாட்டர்ஸின் 1950-ம் வருஷத்துப் பாட்டிலிருந்துதான் குழுவுக்குப் பெயரே வந்தது. 2023-ல் வந்த ‘ஹாக்னி டைமண்ட்ஸ்’ ஆல்பத்தின் கடைசியில் அதே பாட்டைப் பாடியிருக்கிறார்கள். ஒரு கிடார், ஒரு மவுத் ஆர்கன், அந்தக் குரல், அவ்வளவுதான். கக்கத்தில் தட்டு வைத்திருந்த பையனும் அவனிடம் பேச்சுக் கொடுத்த பையனும் 80-ஐ ஒட்டிய வயதில் எதிரெதிரே உட்கார்ந்தது போல இருக்கிறது. பட்டாலையில் தனியாக உட்கார்ந்து கேட்டேன். கண் கலங்கிவிட்டது.

துணுக்கு எழுதியவரை அந்த ஒரு பாட்டை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். ராத்திரி, வீடு அடங்கின பிறகு.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
காரைக்குடி.