எண்ணிக்கை மட்டும் போதாது, புழுக்கையையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மான்கள் பெருகியிருப்பது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். தலைகளை எண்ணியதோடு அது நின்றுவிட்டதே என்பதுதான் என் மனக்குறை. எண்ணிக்கை கூடிய காட்டிலும் மான்கள் அரைவயிற்றோடு கோடையைக் கழிக்கக்கூடும். குட்டிகள் பிழைக்காமல் போன பிறகுதான் அது கணக்கெடுப்பில் தெரியும். அதற்கு முன்பே சேதி சொல்லக்கூடியது புழுக்கை.

ஒரு காலத்தில் மானின் உடல்நிலையை அறிய அதைச் சுட்டுக் கொன்று, இரைப்பையில் இருப்பதையும் சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பையும் சோதித்தார்கள். புழுக்கை ஆய்வுக்கு ஒரு மானையும் தொட வேண்டாம். நுண்ணோக்கியில் வைத்தால் செரிக்காத இலைத்தோல் துணுக்குகள் தெரியும். புல்லாக இருந்தால் இலைத்துளையை மூடித் திறக்கும் காப்புச் செல்கள் உடுக்கைபோல நடுவில் ஒடுங்கியிருக்கும். மான் மேய்ந்தது புல்லா, தழையா என்று பிரித்துவிடலாம். இளந்தளிர் முழுக்கச் செரித்துவிடுவதால் அதன் பங்கு குறைவாகத் தெரியும் என்ற குறை உண்டு. இப்போது டிஎன்ஏ சோதனை அதை ஓரளவு ஈடுகட்டுகிறது.

தின்றது என்ன என்பதைவிட அது உடம்பில் ஒட்டியதா என்பதே முக்கியம். அதற்குப் புழுக்கையில் உள்ள நைட்ரஜனை அளக்கிறார்கள். நல்ல தீவனம் கிடைத்தால் இரைப்பையில் நுண்ணுயிர்கள் பெருகும். அவற்றின் மிச்சமும் புழுக்கையோடு வெளியேறுவதால் நைட்ரஜன் அளவு ஏறும். தீவனத்தில் புரதம் சுமார் 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அந்த நுண்ணுயிர்களே நலிந்து, செரிமானம் மந்தமாகிவிடும். வயிறு நிறைய காய்ந்த புல் இருந்தும் மான் மெலிவது இதனால்தான்.

ஆனால் இந்த ஒரு எண்ணை மட்டும் நம்பி முடிவெடுப்பது ஆபத்து. துவர்ப்பான தழைகளில் உள்ள டானின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு, உடம்பில் சேரவிடாமல் வெளியே தள்ளிவிடும். அப்போது மான் மெலிந்துகொண்டிருக்க, ஆய்வக அறிக்கையில் நைட்ரஜன் உயர்ந்து நிற்கும்! 1980களிலேயே ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டிவிட்டார்கள். அதனால் நார்ச்சத்தையும், இரைப்பையில் நுண்ணுயிர்கள் எவ்வளவு பெருகின என்பதைக் காட்டும், பாக்டீரியாவின் செல்சுவரிலிருந்து வரும் டைஅமினோபைமெலிக் அமிலத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். புல் மேயும் மானையும் தழை கடிக்கும் மானையும் ஒரே அளவுகோலால் அளப்பது சரியல்ல.

சேகரிப்பவர்களின் பொறுப்பும் பெரிது. ஈரப்பளபளப்பு மாறாத புழுக்கையைத்தான் எடுக்க வேண்டும். மழை பட்டால் சத்து கரைந்துவிடும். சாணவண்டு புகுந்தாலும் அளவு மாறிவிடும். எடுத்ததை உடனே உலர்த்தவோ உறையவைக்கவோ வேண்டும். ஒரே குவியலிலிருந்து அள்ளாமல் பல மான்களுடையதைச் சேர்ப்பது அவசியம். மழைக்குப் பின் தளிர் தின்னும் நாளில் புழுக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். வறட்சியில் உருண்டை உருண்டையாக, கெட்டியாக உதிரும். பருவத்துக்குப் பருவம் இவ்வளவு மாறுகிறது. ஒரே மாதத்து மாதிரியை வைத்து ஆண்டு முழுமைக்கும் தீர்ப்பு எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்த முறை மான் கணக்கெடுப்புச் செய்தி வெளியிடும்போது, புழுக்கை ஆய்வு நடந்ததா, எந்தெந்தப் பருவங்களில் எடுத்தார்கள், நைட்ரஜனோடு வேறு என்ன பார்த்தார்கள் என்று கேட்டு, அந்த விவரங்களையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்