காலனி, சேரி, கனவு இல்லம்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்கு நர்சிங் சீட் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம்.

ஊரில் சித்தியின் கூரை வீடு ஒருவழியாகக் கான்கிரீட் வீடாகிறது. கலைஞரின் கனவு இல்லம் திட்டம். 360 சதுர அடி, 3.5 லட்சம் ரூபாய். லிண்டல் மட்டம் வரை எழும்பிவிட்டது. எங்கள் தெருவில் வீட்டின் பெயரைச் சொன்னாலே எந்தக் காலத்தில் கட்டியது என்று தெரிந்துவிடும். காரை பெயர்ந்து கம்பி தெரிவதெல்லாம் அரசு முன்பு வரிசையாகக் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. கூரைமேல் சோலார் தகடு இருந்தால் பசுமை வீடு, 2011க்குப் பிறகு வந்தது. இப்போது, "உனக்குக் கனவு வீடு வந்திருச்சா?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். வீடு நம்முடையது, பெயர் மட்டும் எப்போதும் கோட்டையிலிருந்து வருகிறது.

தெருவின் பெயரும் அப்படித்தான். 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில், காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தபோது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். கல்லூரியில் சேர்ந்த புதிதில் நம்மிடம் கேட்பார்களே, "ஊருக்குள்ளேயா, காலனியா?" என்று. சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்பட்டவர்களுக்கு அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. நீ பதில் சொல்லாமல் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனது எனக்கு மறக்கவில்லை.

சென்னையில் அதே சொல்லுக்கு வேறு மரியாதை. ரயில்வே காலனி, பேங்க் காலனி என்றால் நல்ல இடம் என்று அர்த்தம். வேளச்சேரியில் ஏ.ஜி.எஸ். காலனி இருக்கிறது. விலாசத்தில் சேரியும் உண்டு, காலனியும் உண்டு. அங்கே குடியிருப்பவரை யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டில் பறைச்சேரியோடு கம்மாணச்சேரியும் வருகிறது. கம்மாளர் தெருவும் அன்று சேரிதான். பின்னால் அந்தச் சொல்லை நம் தலையில் மட்டும் கட்டினார்கள். அது வசவாகிப்போன பிறகு காலனி வந்தது. அதற்கும் அதே கதி.

அதனால் அறிவிப்பு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சாதிச் சான்றிதழிலும் ரேஷன் கார்டிலும் அந்தச் சொல்லைச் சுமந்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. அதுவும் நல்லதுதான். ஆனால் சென்னைக் குடிசைவாசிகளைக் கொண்டுபோய்க் குடிவைத்த கண்ணகி நகர் என்று விலாசம் சொன்னால் வேலை கொடுக்கத் தயங்குகிறார்கள் என்று அங்குள்ள பிள்ளைகள் சொல்கிறார்களே, அதை எந்தப் பலகையை மாற்றிச் சரிசெய்வது? கண்ணகி என்ற பெயரில் என்ன குறை? ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடிவைக்கிற வழக்கம் இருக்கிறவரை எந்தப் பெயரும் கொஞ்ச நாளில் கறைபட்டுவிடும் என்றுதான் எனக்குப் படுகிறது. பெயரோடு சேர்த்து, ஊரையும் நம் தெருவையும் பிரிக்கிற அந்த அரை கிலோமீட்டரையும் கேட்க வேண்டும்.

எங்கள் தெருவுக்குப் புதுப்பெயர் வைக்கப் பையன்கள் கூட்டம் போட்டிருக்கிறார்கள். அம்பேத்கர் நகர் என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். ஊரின் பெயரையே எழுதி, கிழக்குத் தெரு என்று போட்டால் போதும் என்கிறார் சித்தப்பா. நானும் அவர் பக்கம்தான். உங்கள் பக்கம் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எழுது.

தை பிறந்ததும் சித்தி வீட்டுப் பால் காய்ச்சுகிறோம். குடும்பத்தோடு வந்துவிடு.

அன்புடன்,
உன் விடுதித் தோழன்