மயிலைப் பிரிக்கும் முன்

திண்டுக்கல்
ஞாயிறு மதியம்

அன்புள்ள சரசு,

உன் கடிதமும் இரண்டு போட்டோவும் வந்து சேர்ந்தன. பேத்திக்கு அப்படியே உன் மூக்கு! ஆனால் என்ன பேர் வைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே. இங்கே எல்லாரும் சுகம். இவருக்கு முட்டிவலிதான் விடவில்லை, மாடி ஏறுவதையே நிறுத்திவிட்டார். கடையில் தீபாவளித் துணி குவிய ஆரம்பித்துவிட்டது. இன்றைக்குத்தான் மிஷினை மூடிவிட்டு உட்கார்ந்தேன்.

உன் மகள் பிளவுஸில் இருக்கிற எம்பிராய்டரியை எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். முதுகில் இருக்கிற மயில் வேண்டாம், கழுத்து வேலை மட்டும் இருக்கட்டும் என்கிறாளா? கல்யாணத்தில் அந்த மயில்தான் வேணும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள்தானேடி! இப்போது எந்த மண்டபத்துக்குப் போனாலும் முதுகுக்கு முதுகு மயில். அலுத்திருக்கும், பாவம்.

போட்டோவில் பார்த்தால் கொக்கி ஊசியால் கையில் போட்ட ஆரி வேலை மாதிரிதான் தெரிகிறது. ஆனால் மேல்பக்கத்தை மட்டும் பார்த்து நான் எதையும் சொல்வதில்லை. துணியில் வேலையை முடித்த பிறகுதான் லைனிங் கொடுத்துத் தைப்பார்கள். அதனால் லைனிங்கை ஒரு பக்கம் பிரித்து உள்ளே பார். நூல் ஒற்றைக் கோடாக ஓடினால் ஆரி. வெள்ளை நூல் அடர்த்தியாகக் கிடந்து, பேப்பர் மாதிரி ஒன்று வைத்திருந்தால் மிஷின் எம்பிராய்டரி.

ஆரி என்றால் உனக்கு நான் சொல்லித்தரவே வேண்டாம். உங்கள் அப்பா கடையில் அரிசி மூட்டை பிரிப்போமே, ஞாபகம் இருக்கிறதா? நான் இழுத்தால் நூல் இறுகிக்கொள்ளும். நீ மூட்டையை ஒரு பார்வை பார்த்து, சரியான நுனியை அறுத்து இழுப்பாய். சர்ரென்று வாய் முழுக்கத் திறந்துகொள்ளும். உன் மேல் எனக்கு இருந்த பொறாமைகளில் அதுவும் ஒன்று. ஆரியும் அதே சங்கிலித் தையல்தான். கொக்கி ஊசி கீழேயிருக்கும் நூலை மேலே இழுத்து, ஒரு வளையத்துக்குள் அடுத்த வளையமாகக் கோத்துக்கொண்டே போகும். ஆரம்பித்த இடத்தில் இழுத்தால் வராது. முடித்த இடத்து முடிச்சை அறுத்து, கடைசி வளையத்தைத் தளர்த்தி, பின்பக்கமாக நூலை இழு, வரிசையாகக் கழன்று வரும். எங்கேயாவது தடங்கினால் கையை நிறுத்திவிடு. அதன் மேல் வேறு வரிசை ஏறியிருக்கும், அதை முதலில் எடுக்கணும். முடிச்சில் பசை தடவியிருந்தாலும் இழுக்காதே, நறுக்கிவிடு. கோபத்தில் ஒரு இழு இழுத்தால் பட்டு சுருங்கிப்போகும்.

மணி, சமிக்கி, சர்தோசி என்கிற சுருள் கம்பி எல்லாம் தனி நூலில் கோத்தவை. பின்பக்க நூலை வெட்டித் தாம்பாளத்தில் உதறினால் கொட்டும். பாட்டிலில் போட்டு வை, எதற்காவது ஆகும். பழைய பட்டுப்புடவை வாங்க வருகிறவர் ஜரிகையை எரித்து வெள்ளி எடுப்பாரே, அந்த ஆசையெல்லாம் வேண்டாம். இப்போது வருவது பெரும்பாலும் முலாம் பூசிய செம்புக் கம்பிதான்.

ஒன்றை மட்டும் அவளிடம் முதலிலேயே சொல்லிவிடு. மயில் போனாலும் மயில் தெரியும். ஊசித் துளைகள் பருத்தியில் நீராவி காட்டி நகத்தால் குறுக்கும் நெடுக்கும் நீவினால் ஓரளவு மூடிக்கொள்ளும். பட்டில் அவ்வளவு லேசில் மூடாது. டிசைன் வரைய மண்ணெண்ணெயில் பவுடரைக் குழைத்துத் தேய்த்த புள்ளிகள் அடியில் இருக்கலாம். சுற்றியுள்ள துணி வெளுத்திருந்தால், மயில் இருந்த இடம் மட்டும் புதுசாகப் பளிச்சென்று நிற்கும்.

என்னைக் கேட்டால் பிரிக்கவே வேண்டாம். முதுகில் வட்டமாக ஜன்னல் வெட்டி ஓரத்துக்குப் பைப்பிங் கொடுத்துவிடலாம். மயிலும் போகும், தடமும் போகும். வட்டத்துக்கு வெளியே நீள்கிற தோகை நுனியை மட்டும் பிரித்தால் போதும். மாப்பிள்ளை வீட்டில் ஜன்னலுக்கு ஒன்றும் சொல்ல மாட்டார்களே?

உன் வீட்டுக்காரர் டீ ஷர்ட்டில் மிஷினில் போட்ட கம்பெனிப் பேரை எடுப்பது வேறு கதை. ஒரு சின்ன லோகோவிலேயே ஆயிரக்கணக்கில் தையல் இருக்கும், அவ்வளவும் மேல்நூலும் அடிநூலும் பூட்டிக்கொண்ட தையல். இழுத்தெல்லாம் வராது. திருப்பிப் போட்டு, பின்பக்க வெள்ளை நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டு. தாடி டிரிம்மர் இருந்தால் இன்னும் சுலபம். பின்பக்கம் வைத்துத் தைத்திருக்கிற பேப்பரை மட்டும் முதலில் கிழித்துவிடாதே, அதுதான் கத்திக்கும் துணிக்கும் நடுவே நிற்கிறது. அப்புறம் முன்பக்கம் புருவம் எடுக்கிற பிளக்கரால் பிடுங்கினால் கொத்தாக வரும். பின்னலாடையில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஓட்டை ஓடும், பார்த்துச் செய்.

இவ்வளவு பேசுகிறேனே, கடை ஆரம்பித்த புதிதில் ஷேவிங் பிளேடால் ஒரு பிளவுஸ் கையைக் கிழித்துவிட்டேன். கிழிசல் மேல் ஒரு இலையை வைத்துத் தைத்து, ஜோடி சேர மறு கையிலும் ஒன்று தைத்தேன். அந்த அம்மா, “இலை ரொம்ப அழகு” என்று கூடக் காசு கொடுக்க வந்தார். வாங்கவில்லை. உண்மையையும் சொல்லவில்லை.

லைனிங்கைப் பிரித்ததும் உள்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பேத்தி பேரையும் எழுது.

அன்புடன்,
கோமதி