எங்க பிள்ளைங்க கட்டிய வச்சு செஞ்ச ரிசர்ச் என்னாச்சு, எங்களுக்கும் சொல்லுங்க

பிள்ளைங்க கேன்சர் ரிசர்ச் செய்யுற டாக்டர்மாருக்கும், அந்த ரிசர்ச்சுக்கு ஓகே குடுக்குற எத்திக்ஸ் கமிட்டி பெரியவங்களுக்கும் வணக்கம்.

நான் பினாங்குக்காரி. என் மகளுக்கு சின்ன வயசுல கிட்னில கட்டி, வில்ம்ஸ் டியூமர்னு சொன்னாங்க. ஒரு கிட்னிய எடுத்து, கீமோ போட்டு, இப்ப டியூஷனுக்கு போகமாட்டேன்னு என்கூட மல்லுக்கு நிக்குற அளவுக்கு நல்லா இருக்கா, தண்ணீர்மலை முருகன் புண்ணியம், டாக்டர்ங்க புண்ணியம். ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு ஃபார்ம் கொண்டாந்து, எடுக்குற கட்டில கொஞ்சத்த ரிசர்ச்சுக்கு வச்சுக்கலாமான்னு கேட்டாங்க, நானும் வீட்டுக்காரரும் சைன் போட்டோம். யாரும் கட்டாயப்படுத்தல, இன்னிக்கு கேட்டாலும் போடுவோம். ஆனா அதுக்கப்புறம் அந்தத் துண்டு எங்க போச்சு, அதுல என்ன பாத்தாங்க, ஏதாச்சும் தெரிஞ்சுச்சா, ஒரு தகவலும் இல்ல. எந்த ஆஸ்பத்திரின்னு நான் இங்க சொல்லல, வார்டுல பழகின மத்த அம்மாங்களுக்கும் இதே கததான்.

ரிசர்ச்சே வேணாம்னு சொல்ற ஆளா என்ன நினைச்சுடாதீங்க. என் மகளுக்கு ரேடியேஷன் தேவையில்லன்னு டாக்டர் சொன்னப்ப எனக்கு நிம்மதியவிட பயம்தான் வந்துச்சு, காசு மிச்சம் பண்றாங்களோன்னு கூட ஒரு நிமிஷம் தோணுச்சு, அப்புறம் வீட்டுல உக்காந்து தேடித் தேடி படிச்சேன். முன்னாடியெல்லாம் இந்தக் கட்டிக்கு ஆபரேஷன் முடிஞ்சதும் வயித்துல ரேடியேஷன் குடுக்குறதுதான் வழக்கமாம், அதுல முதுகெலும்பு சரியா வளராம கோணிப்போற பிள்ளைங்க உண்டு. 1969-ல அமெரிக்காவுல நேஷனல் வில்ம்ஸ் டியூமர் ஸ்டடின்னு ஒண்ணு ஆரம்பிச்சு, கட்டி கிட்னிய தாண்டாம முழுசா எடுத்துட்ட பிள்ளைங்கள ரெண்டு குரூப்பா பிரிச்சு, கீமோவோட ரேடியேஷன் ஒரு குரூப்புக்கு குடுத்து இன்னொரு குரூப்புக்கு குடுக்காம பாத்திருக்காங்க. மொதல்ல ரெண்டு வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு அது தேவையே இல்லன்னு தெரிஞ்சுது, அடுத்தடுத்த ஸ்டடில அதைவிட பெரிய பிள்ளைங்களுக்கும் தேவையில்லன்னு ஆச்சு. யாரோ முகம் தெரியாத அம்மாங்க அன்னிக்கு சைன் போட்டதாலதான் இன்னிக்கு என் பொண்ணு முதுகு நேரா இருக்கு. (அவளுக்குப் போட்ட வின்கிரிஸ்டின் நம்ம வீட்டு வாசல்ல பூக்குற நித்தியகல்யாணில இருந்து வந்ததுன்னு தெரிஞ்சப்ப ஆச்சரியமா இருந்துச்சு, அதே மருந்துதான் அவ கால வலுவில்லாம ஆக்கி நடக்கவிடாம செஞ்சதுங்கறது வேற கத.)

வெளிநாட்டுலதான் இதெல்லாம்னு இல்ல. 2000-கள் தொடக்கத்துல மலேசிய டாக்டர்களும் சிங்கப்பூர் டாக்டர்களும் சேந்து மா-ஸ்போர்னு லுகேமியா, அதாவது ரத்தக் கேன்சர் பிள்ளைங்களுக்கு ஸ்டடி ஆரம்பிச்சாங்க, மலாயா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியும் அதுல ஒண்ணு. கீமோவுக்கு அப்புறம் எலும்பு மஜ்ஜைல எவ்வளவு கேன்சர் செல் மிச்சம் இருக்குன்னு அளந்து பாத்து, நல்லா சுத்தமான பிள்ளைங்களுக்கு மருந்த குறைச்சாங்க. 2012-ல ரிசல்ட் வந்துச்சு, மொத்தத்துல 6 வருஷத்துக்கு அப்புறம் 100-க்கு சுமாரா 88 பேர் உயிரோட. நம்ம ஊருல நடந்த இவ்வளவு பெரிய விஷயம், எத்தன தமிழ்க் குடும்பத்துக்குத் தெரியும்?

நம்ம பிள்ளைங்க சாம்பிள் ஏன் வேணுங்கறதும் புரியுது. லுகேமியாவுக்குக் குடுக்குற மெர்காப்டோப்யூரின் மாத்திரை சிலருக்கு வழக்கமான அளவுல குடுத்தாலே ரத்த அணு தடார்னு இறங்கிடும், அதுக்குக் காரணமான என்யுடிடி15 ஜீன் மாற்றம் வெள்ளக்காரங்கள விட ஆசியாக்காரங்ககிட்டதான் அதிகம். அவங்க பிள்ளைங்கள மட்டும் பாத்துட்டு இருந்தா இது எப்படித் தெரிய வரும்? அப்ப குடுக்குறது நாங்க, சொல்ல வேண்டியது நீங்க.

இது நானா கெளப்புற ஆச இல்ல. ஹெல்சிங்கி பிரகடனம்னு உலக டாக்டர்கள் சங்கம் எழுதி வச்ச விதிலயே, ரிசர்ச்சுல சேர்ந்தவங்களுக்கு அதோட பொதுவான முடிவ தெரிஞ்சுக்குற வாய்ப்ப குடுக்கணும்னு இருக்கு. ஐரோப்பாவுல மருந்து ட்ரயல் முடிஞ்சா சாதாரண ஆளுக்குப் புரியுற மாதிரி ஒரு சுருக்கம் வெளியிடணும்னு சட்டமே இருக்கு. இங்க மட்டும் ஜர்னல்ல வந்துருச்சே, போய் படிச்சுக்கங்கன்னா, அத வாசிக்கவே பாதி நேரம் காசு கேக்குது.

தோத்துப்போன ரிசர்ச்ச கண்டிப்பா சொல்லுங்க. ஜப்பான்ல 1980-கள் நடுவுல இருந்து நாடு முழுக்க ஆறு மாசக் குழந்தைங்க யூரின டெஸ்ட் பண்ணி நியூரோபிளாஸ்டோமாங்கற நரம்பு செல்லுல வர்ற கேன்சர் கட்டிய தேடினாங்க, கேக்க எவ்வளவு நல்ல திட்டம். கடைசில பாத்தா தானா சுருங்கிப் போயிருக்கக்கூடிய கட்டிங்கள எல்லாம் கண்டுபிடிச்சு ஆபரேஷன், கீமோன்னு குழந்தைங்கள படுத்தினதுதான் அதிகம், கனடாவுலயும் ஜெர்மனிலயும் செஞ்ச ஸ்டடிலயும் இதனால சாவு குறையலன்னு தெரிஞ்சுது, 2004-ல ஜப்பான்ல அத நிறுத்திட்டாங்க. அத வெளிய சொன்னதாலதானே மத்த நாட்டுக்காரங்க அதே வழில போகல.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. ஸ்டடி முடிஞ்சதும் ரெண்டு பக்கம், மலாய்ல, தமிழ்ல, சீனத்துல, ஆங்கிலத்துல, நாங்க வாசிக்குற மாதிரி. இன்னும் முடியலன்னா முடியலன்னு வருஷத்துக்கு ஒரு வாட்டி ஒரு வாட்சப் போதும். பிள்ளைய பறிகொடுத்த குடும்பத்துக்கு மட்டும் எடுத்த எடுப்புல அனுப்பிடாதீங்க, வேணுமான்னு மொதல்ல கேளுங்க, என் பிள்ள குடுத்தது யாருக்காச்சும் உதவிச்சான்னு தெரிஞ்சா போதும்னு சொன்ன ஒரு அம்மாவையும் எனக்குத் தெரியும், அந்தப் பேச்சையே எடுக்காதீங்கன்னு சொன்ன அப்பாவையும் தெரியும். கமிட்டிக்காரங்க, அப்ரூவல் குடுக்குறப்பவே ரிசல்ட்ட குடும்பத்துக்கு எப்படி, யாரு சொல்லுவீங்கன்னு கேட்டு அத எழுத்துல வாங்கிக்குங்க, இல்லன்னா திருப்பி அனுப்புங்க. ஃபோன் நம்பர் மாறிடுச்சு, ஆளப் பிடிக்க முடியலன்னு மட்டும் சொல்லாதீங்க, அந்த ஃபார்ம்ல எங்க ஐசி (அடையாள அட்டை) நம்பர் இருக்கு, அது மாறாது.

இப்படிக்கு,
பினாங்குல இருந்து ஒரு அம்மா