செயலாளர் ஆண்டறிக்கை 2025–26: பழைய பொருள் சந்தை, சந்தா நிலுவை, வரும் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அன்பர்களுக்கும் வணக்கம். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான நம் மயூர் விஹார் தமிழ்ச் சங்கப் பணிகளின் அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

சித்திரைப் புத்தாண்டு, சுதந்திர தினக் கொடியேற்றம், நவராத்திரி கொலு, பொங்கல் விழா ஆகியவை வழக்கம்போல் நடந்தன. கோலப் போட்டியில் கலந்துகொண்ட எல்லாருக்கும் பரிசு வழங்கப்பட்டது. செயற்குழு மாதந்தோறும் கூட்டப்பட்டது. சில மாதங்களில் கூட்டத்துக்குத் தேவையான எண்ணிக்கை (கோரம்) சேராமல் ஒத்திவைக்க வேண்டியதாயிற்று. இவ்வாண்டு மறைந்த உறுப்பினர்களின் குடும்பத்தாருக்குச் சங்கம் தன் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கிறது.

பழைய பொருள் சந்தை

பழைய வீட்டுச் சாமான்களையும் துணிகளையும் விற்று வாங்கும் சந்தை நடத்துவது சங்கத்தின் வேலையா என்று சென்ற பொதுக்குழுவில் கேட்கப்பட்டது. விற்கக் கொண்டுவந்த சாமானை, அதன் தரம் பார்க்கும் சோதனை மேசையில் திருப்பி அனுப்புகிறார்கள் என்ற மனக்குறை அதன் பிறகும் பல வழிகளில் காதுக்கு வந்தது. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மயூர் விஹாரில் நம்மவர்களில் பலர் மாற்றலில் வருகிறவர்கள், மாற்றலில் போகிறவர்கள். ஜூன் மாதம் வந்து இறங்கும் குடும்பத்துக்கு முதல் வாரமே கூலர் வேண்டும். நவம்பரில் ரஜாய் (பஞ்சுப் போர்வை), ஹீட்டர், குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் வேண்டும். சென்னைக்கோ திருச்சிக்கோ திரும்பும் குடும்பத்துக்கு இவை எதுவும் பயன்படாது. கூலர் குளிர்விப்பது தண்ணீர் ஆவியாவதால். காற்று உலர்ந்திருந்தால்தான் அது நடக்கும். தில்லியிலேயே ஜூலை மழை பிடித்ததும் கூலர் வெறும் மின்விசிறியாகிவிடுகிறது. சென்னைப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். ஆகவே போகிறவர்கள் நல்ல கூலரைக் பழைய சாமான் எடுக்கும் கபாடிக்காரரிடம் கிலோக் கணக்கில் போடுகிறார்கள், அதே வாரம் வருகிறவர்கள் கடையில் முழு விலை கொடுக்கிறார்கள். இருவரும் பெரும்பாலும் அடுத்தடுத்த குடியிருப்புச் சொசைட்டியில் குடியிருப்பவர்கள். இவர்களைச் சேர்த்து வைப்பது தமிழ்ச் சங்கத்தின் வேலை இல்லையென்றால் வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

குழந்தைத் துணிக்கு இது இன்னும் பொருந்தும். தில்லிக் குளிர் நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை. மூன்று வயதுக் குழந்தைக்கு வாங்கிய ஜாக்கெட்டை அந்த மூன்று மாதம் போட்டால் உண்டு. அடுத்த குளிருக்குக் கை மணிக்கட்டைத் தாண்டி ஏறி நிற்கும். வீட்டு வாசலில் பாத்திரத்துக்குப் பழைய துணி எடுக்கும் பெண்களிடம் இவை போகின்றன. அவர்கள் விடியுமுன்னே ரகுபீர் நகர் கோடா மண்டி என்ற பழைய துணிச் சந்தையில் கொண்டுபோய் விற்கிறார்கள். தேய்ந்துபோன கம்பளி பானிபட் ஆலைகளுக்குப் போய் நூலாகிப் போர்வையாகத் திரும்பி வருகிறது. அந்தத் தொழிலில் ஒரு குறையும் இல்லை. பல குடும்பங்கள் அதனால் பிழைக்கின்றன. ஆனால் ஒரே ஒரு குளிர்காலம் பார்த்த ஸ்வெட்டர், ஆலைக்குப் போகுமுன் இன்னும் இரண்டு குழந்தைகளுக்கு உழைக்கும்.

இதனால்தான் சந்தை ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என வைக்கப்பட்டது. ஏப்ரலில் பள்ளி ஆண்டு மாறுகிறது, மாற்றல் உத்தரவுகள் வரத் தொடங்குகின்றன. அக்டோபரில் பெற்றோர் புதுக் கம்பளி வாங்குமுன் நாம் முந்திக்கொள்ள வேண்டும். நவம்பருக்குத் தள்ளலாம் என்று சிலர் சொன்னார்கள். அதற்குள் எல்லாரும் கடைக்குப் போய் வந்துவிடுவார்கள்.

இனி சோதனை மேசையைப் பற்றி. முன்பின் தெரியாத ஆளிடம் ஆன்லைனில் வாங்குவதற்கும் சங்கத்தில் வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு அந்த மேசை ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் சந்தை நடத்துவதில் பொருளில்லை.

கூலரில் முதலில் அடித்தொட்டி பார்க்கப்படுகிறது. இரும்பு உடல் என்றால் மூலைகளில் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பார்க்கிறோம். துரு உள்ளே இறங்கியிருந்தால் தகடு அமுங்கும். பிறகு தொட்டியில் நீர் நிரப்பி, பம்பையும் விசிறியையும் பத்து நிமிடம் ஓட்டி, அதன் பிறகே உடலில் மின்கசிவு இருக்கிறதா என்று பார்க்கிறோம். உலர்ந்திருக்கும்போது கசிவு காட்டாத பம்பு நனைந்த பிறகு காட்டும். மூன்றாவது பின் உடைந்த பிளக்கும், எர்த் கம்பியை வெட்டிவிட்டு இரண்டு பின்னில் மாட்டிய பிளக்கும் மேசையைத் தாண்டாது. இரும்புக் கூலரில் எர்த் இல்லையென்றால் ஈரக் கையோடு தொடும் குழந்தைக்கு உயிராபத்து. விற்பவர்களுக்கு ஒரு யோசனை: கூலரின் பக்கங்களில் இருக்கும், உப்புப் படிந்த புல் பேட்களை மாற்றி, ஒரு புது பம்பு போட்டுக் கொண்டுவாருங்கள். செலவு சில நூறு ரூபாய்தான். கபாடி விலைக்குப் போக இருந்த பொருள் முதல் ஒரு மணி நேரத்திலேயே விற்றுப்போகிறது.

கேஸ் அடுப்பில்தான் அதிக வாக்குவாதம். நம் பகுதியில் சில வீடுகளில் பைப் கேஸ், சில வீடுகளில் சிலிண்டர். பைப் கேஸ் குறைந்த அழுத்தத்தில் வருவதாலும், அதே அளவு கேஸில் வெப்பம் குறைவு என்பதாலும், அதற்கு ஜெட் துளையை (பர்னருக்குக் கேஸ் வரும் சிறு துளை) பெரிதாக்கியிருப்பார்கள். அந்த அடுப்பை அப்படியே சிலிண்டரில் மாட்டினால் சுவாலை மஞ்சளாக எம்பி எழும், பாத்திரத்தில் கரி பிடிக்கும், ஆபத்தும் உண்டு. சிலிண்டர் அடுப்பைப் பைப்பில் மாட்டினால் சோறு வேக அரை நாள் ஆகும். எனவே எந்த கேஸில் ஓடியது என்று சீட்டில் எழுதாத அடுப்பு ஏற்கப்படாது. வாங்குபவர் மெக்கானிக்கைக் கொண்டு ஜெட் மாற்றிக்கொள்ள வேண்டும். ரப்பர் குழாயை அடுப்போடு சேர்த்து விற்கக் கூடாது, அதை வாங்குபவர் புதிதாகப் போட்டுக்கொள்வதே சரி. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் சந்தையில் வைக்கவே கூடாது. அவை கேஸ் கம்பெனியின் சொத்து. ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும்.

நம்மவர்கள் அதிகம் தேடுவது வெட் கிரைண்டர். தில்லிக் கடைகளில் எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் பழுதுபார்க்க ஆள் கிடைப்பது கடினம். அதனால் விற்பவரே ஒரு பிடி ஊறிய அரிசியோடு வரவேண்டும் என்று வைத்திருக்கிறோம். வெறுமனே சுற்றிக் காட்டுவது சோதனை ஆகாது. மோட்டார் உறுமிக்கொண்டு சுற்ற மறுத்தால் பெரும்பாலும் மோட்டாரைச் சுழலத் தொடங்கவைக்கும் கெப்பாசிட்டர் போயிருக்கும். வெறுமனே நன்றாகச் சுற்றி, மாவு போட்டதும் தயங்கினால் பெல்ட் தளர்ந்திருக்கும். இரண்டும் சின்னச் செலவு. அந்த மாடலுக்கு உரிய பெல்ட்டை ஊரிலிருந்து வரும்போது இரண்டாக வாங்கி வருவது நல்லது. கல் வழவழத்துப்போயிருந்தால் கொத்த வேண்டும். அடிக்கல்லில் விரிசல் இருந்தால் மட்டும் தொடாதீர்கள்.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆகியவற்றை மண்டபத்துக்குத் தூக்கி வர வேண்டாம். சீட்டு மட்டும் ஒட்டுவோம், வாங்குபவர் வீட்டில் போய்ப் பார்க்கலாம். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு ரூபாய் நோட்டைச் செருகி மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் கதவோர ரப்பரான காஸ்கெட் போயிற்று. படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்திச் சில மணி நேரம் விட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும், கம்ப்ரசர் எண்ணெய் கீழே இறங்க வேண்டும். முன்பக்கக் கதவு உள்ள வாஷிங் மெஷினுக்கு டிரம்மைப் பூட்டும் டிரான்சிட் போல்ட்டுகள் உண்டு. அவற்றை மாட்டாமல் டெம்போவில் ஏற்றினால் உள்ளே டிரம்மைத் தாங்கும் சஸ்பென்ஷன் போய்விடும். பழைய பிரஷர் குக்கர் என்றால் காஸ்கெட்டும் சேஃப்டி வால்வும் அதே கம்பெனியுடையதாகப் புதிதாக மாற்றியிருக்க வேண்டும், அடிப்பாகம் தட்டையாக உட்கார வேண்டும். அறை ஹீட்டரின் பிளக் பின்னைப் பாருங்கள். 2000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். சின்ன சாக்கெட்டில் ஓட்டியிருந்தால் பின் கருத்திருக்கும்.

மெத்தை, தலையணை, பஞ்சு வைத்த சோபா எதையும் எடுப்பதில்லை. இதில் யாருக்கும் விலக்கு இல்லை, முன்னாள் நிர்வாகிகளுக்கும் இல்லை. மூட்டைப்பூச்சி சாப்பாடு இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தையல் ஓரத்தில் மிளகுத்தூள் தூவியது போன்ற கரும்புள்ளி தெரிந்தால் அது ஒளிந்திருக்கும் இடம். மரக்கட்டிலைப் பிரித்துக் கொண்டுவந்தால், மூட்டுகளில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்கிறோம்.

குழந்தைச் சாமான்களில் விதி இன்னும் கடுமை. தொட்டில் கட்டிலின் கம்பி இடைவெளி 6 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது, உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பெயிண்ட் அடித்த தொட்டில், மரக்குதிரை ஆகியவற்றைக் குழந்தை கடிக்கும் என்பதால் மறுக்கிறோம். பொம்மைகளுக்கு 2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பட்டன் செல் வைக்கும் மூடிக்கு ஸ்க்ரூ இல்லாத பொம்மை வேண்டாம். நடைவண்டி வாக்கர், கார் சீட், சைக்கிள் ஹெல்மெட் மூன்றும் வேண்டவே வேண்டாம். முதலாவது படிக்கட்டில் உருளும், மற்ற இரண்டும் ஏற்கெனவே அடிபட்டவையா என்று வெளியே தெரியாது.

துணியில் வயதை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 4 வயது இன்னொன்றின் 6 வயது. பிடரியிலிருந்து கீழ்விளிம்பு வரை, அக்குளுக்கு அக்குள், இரண்டு அளவையும் செ.மீ.யில் எழுதிய சீட்டு ஊசியால் குத்தியிருக்க வேண்டும். ஸ்வெட்டரை விளக்குக்கு எதிரே விரித்துப் பார்க்கிறோம். கம்பளியைத் தின்னும் பூச்சிப்புழு, பால் சிந்திய இடத்தையும் கழுத்து வியர்வை பட்ட இடத்தையும்தான் முதலில் பிடிக்கும். துவைக்காமல் எடுத்து வைத்த ஸ்வெட்டரில் ஓட்டை அங்கேதான் இருக்கும். உண்மைக் கம்பளியா என்று சந்தேகம் வந்தால் உள்தையலில் ஒரு இழை எடுத்துக் கொளுத்துங்கள். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு பொடியாகும், அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகும். அக்ரிலிக்கைப் பூச்சி அரிக்காது, ஆனால் ஹீட்டர் அருகே குழந்தைக்குப் போட்டுவிடக் கூடாது. தொப்பி, கழுத்து நாடாக்களை உருவிவிட்டுத்தான் வைக்கிறோம்.

அந்துருண்டை வாசனை வரும் துணியைத் திருப்பியதில்தான் சிலருக்கு வருத்தம் அதிகம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பச்சிளங்குழந்தைக்கு அந்துருண்டையில் உள்ள நாஃப்தலீன் வாசம் பட்டாலே ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள்காமாலை வரலாம். வாங்குகிற வீட்டில் அப்படி ஒரு குழந்தை இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. துவைத்து, வெயிலில் உலர்த்தி, காற்றுப் புகாத பையில் கட்டி வைத்தால் உருண்டையே தேவையில்லை.

பழைய பாடப்புத்தக மேசை இவ்வாண்டு சோபிக்கவில்லை. பள்ளிப் பாடநூல்களை வெளியிடும் மத்திய நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. 2024-இல் 3, 6 வகுப்புகளுக்கும் 2025-இல் 4, 5, 7, 8 வகுப்புகளுக்கும் புதுப் புத்தகம் கொண்டுவந்துவிட்டது.

பணப் பட்டுவாடாவில் ஒரே எச்சரிக்கை. பணம் பெறுவதற்கு யாரும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ தேவையில்லை. “அட்வான்ஸ் அனுப்புகிறேன், ஸ்கேன் பண்ணுங்கள்” என்று வெளியாள் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

இப்போது வருத்தமான பகுதி. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் சாமான் வரவேண்டும் என்று அறிவித்தோம். ஞாயிறு சந்தை தொடங்கிய பிறகும் மூட்டை மூட்டையாக வந்தது, சீட்டு இல்லாமல், சில துவைக்காமல். எடுத்துக்கொள்வதாகச் சொல்லி வைத்துவிட்டு வராதவர்களால் வேறு ஆளுக்கும் விற்க முடியவில்லை. விற்காத சாமானை அன்றிரவே எடுத்துச் செல்வது விதி. பலர் எடுக்கவில்லை. பேஸ்மென்டில் கிடந்தவற்றுக்காகச் சொசைட்டி நிர்வாகம் சங்கத்துக்கு நோட்டீஸ் கொடுத்தது, அப்புறப்படுத்தும் செலவு சங்கத்தின் தலையில் விழுந்தது. சந்தைக்கு வருபவர்கள் ஏராளம். மேசை போட, மேசை மடக்க வருபவர்கள் எப்போதும் அதே சிலர். அவர்களும் வேலைக்குப் போகிறவர்கள், குழந்தை வைத்திருப்பவர்கள்.

கணக்கும் சந்தாவும்

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக, சந்தையில் சங்கத்துக்கு எடுத்துக்கொள்ளும் பத்தில் ஒரு பங்கு மண்டப வாடகையையும் மேசை நாற்காலி வாடகையையும் ஓரளவு ஈடுகட்டியது. பொங்கல் செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடியது. கையிருப்பு சென்ற ஆண்டை ஒட்டியே இருக்கிறது.

சந்தா நிலுவை பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆண்டுக்கு 500 ரூபாய். ஒரு குழந்தை ஜாக்கெட்டைச் சந்தையில் வாங்கினால் அதைவிட அதிகமாகவே மிச்சமாகிறது. மூன்று ஆண்டுகளாகச் சந்தா கட்டாதவர்களும் உறுப்பினர் என்ற முறையில் முதல் அரை மணி நேரம் உள்ளே வந்து நல்ல பொருள்களை எடுத்துச் செல்கிறார்கள். ஒழுங்காகக் கட்டியவர்கள் இதைக் கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை. யாரையும் புண்படுத்த இதைச் சொல்லவில்லை. நினைவூட்டல் இரண்டு முறை வாட்ஸப்பில் போட்டாயிற்று. கட்டைவிரல் அடையாளங்கள் வந்தன.

மண்டபம் தந்த சொசைட்டி நிர்வாகத்துக்கும், மின்சாதனங்களைச் சோதித்துத் தந்த எலெக்ட்ரிஷியனுக்கும், துணி மேசையை நடத்திய மகளிர் குழுவுக்கும், தணிக்கையாளருக்கும், செயற்குழுவுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டு

துணிக்கு நிரந்தரமாக ஓர் இடம் வேண்டும். பூட்டக்கூடிய இரும்பு அலமாரி ஒன்று, தரைத்தளத்தில் ஈரமில்லாத ஒரு மூலை, இவ்வளவு போதும். ஏப்ரலில் மிஞ்சும் கம்பளி அக்டோபர் வரை பத்திரமாக இருக்கும். டிசம்பர் நடுவில் மாற்றலாகி வரும் குடும்பமும் சந்தைக்காகக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் கராஜ் பயன்படாமல் இருக்கும் உறுப்பினர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்று அறிகிறேன்.

சந்தா நிலுவை இல்லாதவர்களுக்கு மட்டும் முதல் அரை மணி நேரம் என்ற விதியைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழு இன்று முடிவு செய்யலாம். என் பதவிக்காலம் இந்தப் பொதுக்குழுவோடு முடிகிறது. சோதனை மேசை தொடரும் என்று உறுதி கிடைத்தால், யார் செயலாளராக வந்தாலும் அக்டோபர் வரை கூட இருந்து எல்லாவற்றையும் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். மேசைக்கு ஆறு பேர் தேவை: மின்சாதனத்துக்கு இருவர், துணிக்கு மூவர், சீட்டு எழுத ஒருவர். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் வாசலருகே உள்ள நோட்டில் எழுதலாம். பக்கத்திலேயே பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்
மயூர் விஹார், தில்லி