உன் மாடிச் சுவரில் உட்கார்ந்த வல்லூறு

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். குருவியைக் காலடியில் அமுக்கி, யாரும் பிடுங்கிவிடாதபடி சிறகால் மூடிக்கொண்டு நிற்கிறது. 'இந்தப் பருந்தை எப்படி விரட்டுவது?' என்று கேட்டிருக்கிறாய். அது பருந்தில்லை, வல்லூறு. வைரி என்றும் சொல்வார்கள்.

பருந்து வெட்டவெளியில் வட்டமடிக்கும், செத்ததையும் தின்னும். வல்லூறு மறைந்திருந்து பாய்கிற பறவை. சிறகு குட்டை, வால் நீளம். கிளைகளுக்கு நடுவே முழு வேகத்தில் போகும்போது அந்த வால்தான் சுக்கான். கொல்வது கால் நகம், அலகு கிழிப்பதற்குத்தான். ராஜாளியோ (ஆங்கிலத்தில் ஃபால்கன்) அலகால் கழுத்தைக் கடித்துக் கொல்லும். பார்க்க வல்லூறுக்குப் பங்காளி மாதிரி இருக்கும் அந்த ராஜாளி, மரபணுப்படி கிளிக்குத்தான் நெருங்கிய சொந்தம்! 2008-இல் வந்த ஆய்வு அதைக் காட்டியபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

சாப்பிட்டதில் செரிக்காத இறகையும் ரோமத்தையும் வல்லூறு உருண்டையாகக் கக்கிவிடும். ஒரு தடவை மரத்தடியில் கிடந்த உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தேன். கட்டைவிரல் நுனியளவுதான். சாம்பல் நிறத் தும்பு, நடுவில் முள்ளோடு ஒரு வெட்டுக்கிளிக் கால். அன்றைக்கு அதற்குக் கிடைத்த இரை அவ்வளவுதானோ என்று மனசு கஷ்டப்பட்டது.

சரி, படத்துக்கு வருகிறேன். மார்பைக் கவனித்தாயா? பழுப்புத் துளிகள் மேலிருந்து கீழாக வடிந்த மாதிரி இருக்கின்றன. கண் மஞ்சள். வளர்ந்த பறவைக்கு மார்பில் மெல்லிய குறுக்குக் கோடுகள் இருக்கும், ஆணுக்குக் கண் சிவந்துவிடும். நீ விரட்டப் பார்ப்பது இன்னும் வேட்டை பழகிக்கொண்டிருக்கிற ஒரு குஞ்சை.

தாய் அடைகாக்கும்போது தகப்பன்தான் இரை கொண்டுவரும். தாய் அதைவிடப் பெரிய உடம்புக்காரி. குஞ்சு கூட்டை விட்டு வெளியே வந்த பிறகும் சில வாரம் ஊட்டுவார்கள். அப்புறம் அதன் பாடு. பாய்கிற பாய்ச்சலில் பெரும்பாலானவை வீண். முதல் வருஷத்தைத் தாண்டாமல் பட்டினியில் சாகிற குஞ்சுகள் ஏராளம். அந்தக் குருவிக்காக நீ வருத்தப்படுவது எனக்குப் புரிகிறது, ஆனால் இதற்கும் பசிதான்.

எலி மருந்து வைக்கப்போவதாக எழுதியிருந்தாயே, அதை மட்டும் தயவுசெய்து செய்யாதே. மருந்து தின்ற எலி உடனே சாகாது, தள்ளாடிக்கொண்டு திரியும். தள்ளாடுகிற எலி சுலபமான இரை. விஷம் அப்படியே வல்லூறுக்குப் போகும். டிடிடி பூச்சிமருந்தும் இப்படி உணவு வழியாகத்தான் ஏறியது. வேட்டைப் பறவைகளின் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே நொறுங்கியது. ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் பறவை ஆய்வாளர் 1967-இல் அதைக் கண்டு சொல்லாமலிருந்தால் எத்தனை இனம் போயிருக்குமோ. எலிக்குப் பொறி வை, போதும்.

மறுபடி வந்தால் ஜன்னலுக்கு உள்ளேயே நின்று பார். அடுத்த வருஷம் மார்பில் கோடுகள் குறுக்காக மாறிய வல்லூறு ஒன்று அந்தச் சுவரில் உட்கார்ந்தால், உடனே ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அக்கா